பலகையில் நாற்பது

அவரை எல்லோரும் பலகைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரிக்கரையில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில், படகுச் சவாரிக்கு ஆட்கள் வரிசை கட்டும் இடத்தில், ‘இங்கிருந்து இத்தனை நிமிடம்’ என்று எண் மாட்டுகிற பலகைக்கு அவர்தான் பொறுப்பு. பதினான்கு வருடமாக அதே வெயில், அதே கம்பித் தடுப்பு, அதே பலகை. எண்ணைக் கழற்றி மாட்டுவதற்கு ஒரு ஆள் தேவையா என்று நினைக்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவர் இடத்தில் நின்று பார்க்கட்டும்.

எண் வானத்திலிருந்து விழுவதில்லை. அரைமணிக்கு ஒருமுறை, வரிசையின் கடைசியில் வந்து சேர்கிற யாரோ ஒருவரிடம் அவர் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார். அதில் அப்போதைய நேரம் எழுதியிருக்கும். வரிசை ஏழு வளைவு வளைந்து, கடைசியில் தன் வாலுக்குப் பக்கத்திலேயே தலையைக் கொண்டுவந்து வைக்கும். நடுவில் ஒரு இரும்புக் கம்பிதான். அட்டை வாங்கியவர் சுற்றிச் சுற்றி வந்து, படகு ஏறும் இடத்தில் கம்பிக்கு மேலாக அதைத் திருப்பிக் கொடுப்பார். பலகைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். அதே எண் பலகையில் ஏறும்.

சேர்ந்த முதல் மாதத்தில் மனிதர் யோக்கியமாகத்தான் இருந்தார். ஒருநாள் பலகையில் இருபது என்று போட்டிருந்தபோது படகு ஒன்று மக்கர் செய்து, முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. ஒரு குடும்பஸ்தன் கையில் இருந்த ஜூஸை அப்படியே அவர் மூஞ்சியில் ஊற்றிவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து பதினைந்து கூட்டிப் போட ஆரம்பித்தார். இருபத்தைந்து ஆகும் என்றால் நாற்பது. வந்தவர்கள் நாற்பதுக்கு மனசைத் தேற்றிக்கொண்டு நின்று, இருபத்தைந்தில் படகைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிடுவார்கள். இறங்கும் வழியில் சிரித்த மூஞ்சி, அழுத மூஞ்சி என்று இரண்டு பொத்தான் உண்டு. எல்லோரும் சிரித்த மூஞ்சியைத்தான் அமுக்கினார்கள். பலகைக்கும் ரிஜிஸ்டருக்கும் ஒத்துப்போகவில்லையே என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டான். அன்றிலிருந்து ரிஜிஸ்டரிலும் பதினைந்து கூடியது. குறைவாக நின்றதற்காக எவனும் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

மூன்று முறை சிறந்த ஊழியர் விருது. மூன்று போட்டோவும் குவார்ட்டர்ஸ் சுவரில் வரிசையாகத் தொங்கின. குவார்ட்டர்ஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்; சலவைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, நாள் முழுக்க சோப்பு வாசனை. அவர் மனைவி பூங்கா ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறை சுத்தம் செய்கிறவள். அவளுக்கு இந்தப் பதினைந்து நிமிட ரகசியம் தெரியும். “அரைமணி நேரம் ஆகும்னு சொல்லிட்டுப் போவாரு, கால்மணியில வந்து நிப்பாரு. இவரை நம்பி ஒரு பக்கத்து வீட்டுக்குக்கூடப் போக முடியாது” என்பாள்.

அதே கம்பெனிக்குக் கடற்கரையில் இன்னொரு பூங்கா. அங்கேயும் அச்சு அசலாக இதே படகுச் சவாரி, இதே ஏழு வளைவு. பலகை வேலையில் அவருடைய தம்பி. அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் அவனைச் சேர்த்தார்கள். அட்டை கொடுப்பது, நேரம் குறிப்பது எல்லாவற்றையும் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். பதினைந்து நிமிடத்தை மட்டும் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. விருது ஒன்றுதான் இருக்கிறது, எதற்குப் பங்கு போட வேண்டும் என்று நினைத்தார். இப்படிப்பட்ட அண்ணன்களும் உண்டு.

இந்த நிலையில்தான் தலைமை ஆபீஸிலிருந்து தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்தாள். பலகைக்காரரை உட்காரச் சொன்னாள். பதினான்கு வருடத்தில் அந்த ஆபீஸில் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“ரெண்டு பார்க்கையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போறோம். எது நல்லா ஓடுதோ, அங்க இருக்கறவங்க மட்டும் நிரந்தரம். இன்னொண்ணு கான்ட்ராக்ட்டுக்குப் போகுது” என்று குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“கான்ட்ராக்ட்னா... குவார்ட்டர்ஸ், மேடம்?”

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏது குவார்ட்டர்ஸ்?” அவள் ஒரு தாளை நீட்டினாள். “நீங்க நாலு நாள் அங்க கெஸ்ட்டா போய்த் தங்குங்க. ரூம், சாப்பாடு, சுத்தம், எல்லாத்தையும் எழுதுங்க. முக்கியமா படகு வரிசை. நேரம் பார்க்கறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு சொன்னாங்க. எதுக்குப் போறீங்கன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“நம்ம பார்க்கையும் நானே அளக்கவா, மேடம்?”

“அது எதுக்கு? பதினாலு வருஷ ரிஜிஸ்டர் இருக்கே. அது போதும்.”

பலகைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரிஜிஸ்டரில் ஏரிப் பூங்கா சராசரி நாற்பது நிமிடம் என்று அவர் கையெழுத்திலேயே தூங்குகிறது. அத்தனையும் பொய் என்று சொன்னால் வேலை அன்றைக்கே காலி. சொல்லாவிட்டால், தம்பி எழுதி வைத்திருக்கும் எண்ணோடு அது மோதும். தம்பி எத்தனை எழுதுவான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

கடல் பூங்காவின் அறைக்குள் நுழைந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி மெத்தையில் அவர் படுத்ததே இல்லை. அறை இவர்கள் குவார்ட்டர்ஸைப் போல மூன்று மடங்கு இருந்தது. குழாயைத் திறந்த உடனே வெந்நீர். ஏரிப் பூங்கா ஹோட்டலில் வெந்நீர் வருவதற்குள் குளிக்கிற ஆசையே போய்விடும்; சுவரில் ஈர வாசனை வேறு. ஆனால் அங்கே அறைக் கதவைத் திறந்தால் எதிரே நுழைவாயில், மரநிழலிலேயே போய்விடலாம். இங்கே அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்கே கொதிக்கிற மணலோரமாக இருபது நிமிடம் நடை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கினார்கள். இங்கே சாப்பாட்டுக் கூடம் பளபளவென்று இருந்தது, சாப்பாடு ஆறிப்போய் இருந்தது. அங்கே கூடம் இடிந்து விழுகிற மாதிரி, சாப்பாடு சூடு. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினார். மனைவி சொல்லி அனுப்பியபடி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, ‘தூசி இல்லை’ என்றுகூட எழுதினார். அந்தக் கட்டங்களில் எல்லாம் அவர் அரிச்சந்திரன்.

படகு வரிசையின் வாலில் போய் நின்றபோது தம்பி அவரைப் பார்த்துவிட்டான்.

“அண்ணே! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறீங்க! அண்ணி வரலையா?”

“அவளுக்கு லீவு கெடைக்கல. சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்டா.”

தம்பி சந்தோஷத்தில் சிவப்பு அட்டையை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் ஏழு வளைவும் சுற்றி வந்து கொடுத்தபோது இருபத்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. தம்பி ரிஜிஸ்டரில் இருபத்து நான்கு என்று எழுதினான். அண்ணனும் தன் தாளில் இருபத்து நான்கு என்று எழுதினார். அவ்வளவு நேரம்தான் அவருடைய நேர்மை தாங்கியது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போனான். அவனுக்கும் கம்பெனி குவார்ட்டர்ஸ்தான். தம்பியின் மகளுக்கு ஏழு வயது. பெரியப்பா மடியை விட்டு இறங்கவே இல்லை. தம்பி பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்து பெருமையாகக் காட்டினான்.

“பாருங்கண்ணே, எட்டு வருஷம். ஒரு நிமிஷம் கூட்டினது கெடையாது, கொறைச்சது கெடையாது. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது. ஆனா ஒண்ணுண்ணே, உங்களுக்கு மூணு விருது குடுத்தாங்க, எனக்கு ஒண்ணுகூட வரல. இங்க ஜனங்க அழுத மூஞ்சியத்தான் அமுக்கறாங்க. எங்க தப்பு பண்றேன்னே தெரியல.”

பலகைக்காரர் தண்ணீர் குடித்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. “ஜனங்க இங்க ஒரு மாதிரிடா” என்றார்.

அறைக்குத் திரும்பி, முதல் நாள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளில் நாற்பத்து நான்கு என்று எழுதினார். அடுத்த மூன்று நாளும் இருபது இருபதாகக் கூட்டினார். பதினைந்து கூட்டியிருந்தால் இரண்டு பூங்காவும் சரிசமமாக நின்றிருக்கும். சமமாக நின்றால் யாருக்கு அடி விழும் என்று சொல்ல முடியாது. தூக்கம் நன்றாகவே வந்தது. மெத்தை அப்படி.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு எழுதினீங்க?”

சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சேலையை அடுக்கின்மேல் வைத்தாள்.

“அப்ப நமக்கு இந்த வீடு இருக்கும்ல?”

“இருக்கும்.”

“சரி, கை கால் கழுவிட்டு வாங்க” என்றாள்.

பத்து நாள் கழித்துக் கண்ணாடி அம்மாள் மறுபடியும் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று இவருடையது, இன்னொன்று தம்பியின் ரிஜிஸ்டரிலிருந்து எடுத்த பக்கம்.

“அதே நாலு நாள். சராசரியா அவர் இருபத்தஞ்சு எழுதியிருக்கார், நீங்க நாப்பத்தஞ்சு எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது?”

இப்படி நேருக்கு நேர் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தம்பி பூங்காவுக்குக் கான்ட்ராக்ட் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நானூறு பேரோடு அவனும் ஒருவனாகப் போவான், அவன் தலையில் மட்டும் தனியாக இடி விழாது என்று மனசைச் சமாதானம் செய்து வைத்திருந்தார். சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அவன் என் கூடப் பொறந்தவன், மேடம். சொல்லவே கஷ்டமா இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே கொஞ்சம் கொறைச்சுத்தான் சொல்லுவான்.”

அவள் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு மரியாதையோடு பார்த்தாள். “சொந்தத் தம்பியா இருந்தும் நீங்க மறைக்கல பாருங்க” என்றாள்.

ஏரிப் பூங்கா நிரந்தரமாயிற்று. கடல் பூங்கா கான்ட்ராக்ட்டுக்குப் போயிற்று. தம்பிக்கு அந்தக் கான்ட்ராக்ட் வேலைகூட இல்லை; எட்டு வருடம் பொய் நேரம் எழுதியவன் என்று கடிதத்தில் போட்டு வெளியே அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது? ஒரு வாரத்தில் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். போனில் தம்பி அழுதான். “யாரோ ஒருத்தன் வந்து தப்புத் தப்பா அளந்துட்டுப் போயிருக்கான்ணே. அவன் நல்லா இருப்பானா?” என்று கேட்டான். “நான் மேடம்கிட்ட பேசிப் பார்க்கறேன்டா” என்றார் அண்ணன். பேசவில்லை. கண்ணாடி அம்மாள் இப்போது ஏரிப் பூங்காவுக்கே மேலாளராக வந்து, தினமும் சாயங்காலம் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். சுவரில் நான்காவது போட்டோ ஏறியது.

யாரை எதற்காக வேலையை விட்டு அனுப்பினாலும் கம்பெனி ஒரு கௌரவம் செய்யும்: இரண்டு பூங்காவில் எதற்காவது குடும்பத்தோடு ஒருநாள் இலவசமாகப் போய்வர ஒரு சீட்டு. எட்டு வருட உழைப்புக்கு மிஞ்சியது அதுதான். பெரியப்பா பூங்காவில் படகு ஏற வேண்டும் என்று மகள் அடம் பிடித்ததால் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வரிசையின் வாலில் அவனைப் பார்த்ததும் பலகைக்காரர் கையில் இருந்த சிவப்பு அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளப் பார்த்தார்.

“எனக்குக் குடுங்கண்ணே. பழக்கம் விடல” என்று தம்பி கை நீட்டினான். இளைத்துப் போயிருந்தான். மறுக்க முடியவில்லை. பத்து நாற்பது என்று நேரம் எழுதிக் கொடுத்தார். பலகையில் நாற்பது மாட்டியிருந்தது.

ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சின்னது கம்பிக்கு மேலாக எட்டிக் கையாட்டிக்கொண்டே போயிற்று. இவரும் கையாட்டினார். படகில் கோளாறு வந்தாலாவது தேவலை என்று வேண்டிக்கொண்டார். படகுகள் அன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்தன.

“பெரியப்பா! சீக்கிரமே வந்துட்டோம்!” மகள் கம்பிக்கு அந்தப் பக்கம் குதித்தாள். “நாப்பது நிமிஷம்னு போட்டிருந்துச்சே!”

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இரண்டு. அட்டையைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். கடல் பூங்காவுக்கு அண்ணன் சும்மா வந்து தங்கிய நாலு நாளும் அப்போதுதான் அவன் முகத்துக்கு வந்து சேர்ந்தன. பலகைக்காரர் அதைக் கண்ணால் பார்த்தார். செத்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ரிஜிஸ்டருக்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

தம்பி அட்டையைக் கம்பிக்கு மேலாக நீட்டினான். “இருபத்திரெண்டு நிமிஷம். எழுதுங்கண்ணே” என்றான்.

அவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். முப்பத்தேழு என்று எழுதினார்.

எட்டு வருடம் அதே வேலை பார்த்தவனுக்கு ரிஜிஸ்டரைத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும். படித்தான். மகளைத் தூக்கிப் படகில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தான்.

“பெரியப்பா, எறங்கினதும் உங்களுக்குச் சிரிச்ச மூஞ்சி அமுக்கிட்டுத்தான் போவேன்!” என்று அவள் கத்தினாள்.

சொன்னபடியே அமுக்கிவிட்டுப் போனாள்.