கைபடாத சரக்கு

எலி மூத்திரத்தில் ஊறிய சாக்கின் நெடி எங்கே மூக்கில் ஏறினாலும், சங்கரன்கோவிலில் அப்பா நடத்திய பலசரக்குக் கடையின் குடோன்தான் எனக்கு நினைவுக்கு வரும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போன எங்கள் ஊரில், யார் வேண்டுமானாலும் கூடையோடு உள்ளே நுழைந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று முதன்முதலில் கடை திறந்தவர் அவர். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான் கிடப்பேன்.

காலனியிலிருந்து செல்லம்மா அக்கா பூ வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வருவார். மற்ற கடைகளில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கைபடாமல் பைக்குள் "போட்டு" அனுப்புவார்கள். எங்கள் கடையிலோ ஒவ்வொரு சோப்பாக எடுத்து மோந்து பார்த்து, அவசரமே இல்லாமல் தேர்ந்தெடுப்பார். ஒருநாள் அதை, மாதச் சாமான் மொத்தமாக வாங்கும் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

"அவ மோந்து வச்ச சோப்ப நான் குளிக்கக் கொண்டு போணுமாக்கும்? நல்லாத்தான் கடை நடத்துதீரு வே!"

அப்பா அவரை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ பல்லை இளித்தார்.

"கோவப்படாதிய அண்ணாச்சி. நீங்க இங்கன வரவே வேண்டாம். ஒரு போன் போடுங்க, யார் கையும் படாத சரக்கு குடோன்லேருந்து வீட்டுக்கே வந்துரும்."

"அப்போ நாங்க தொட்டது எச்சிலாக்கும், மொதலாளி?" என்று செல்லம்மா அக்கா கேட்டார். அப்பா காது கேளாதவர்போல் தராசைத் துடைத்தார். கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போன அக்கா பிறகு வரவே இல்லை.

மறுவாரமே சைக்கிள் கேரியரில் "கைபடாத சரக்கு" பெரிய தெருக்களுக்குப் போகத் தொடங்கியது. ராத்திரியெல்லாம் எலி மேய்ந்த பருப்புதான் அது. எலிக்குத் தீட்டு கிடையாது போலும். அந்த வியாபாரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மாடி எழும்பியது, நானும் கல்லூரிக்குப் போனேன். அந்தச் சோற்றைத் தின்றுதான் வளர்ந்தேன்.

சென்ற மாதம் வியாபாரிகள் கூட்டத்தில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, ஊருக்கே டோர் டெலிவரி சொல்லிக்கொடுத்த முன்னோடி என்று புகழ்ந்தார்கள். இப்போது கடை என் தம்பி கையில். ஆட்கள் நுழைந்து எடுத்த அந்த முன்கூடத்தையும் குடோனாக்கிவிட்டு, செல்போனிலேயே ஆர்டர் வாங்குகிறான். அப்பா செய்த ஒரே நல்ல காரியமும் அதோடு போயிற்று. பேசச் சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார்கள். அந்த டெலிவரி எதற்காக வந்தது என்பதைச் சொல்லத்தான் எழுந்தேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இரு யக்கா. பார்சல் கொண்டு வாரவன் எந்தத் தெருக்காரன்னு கேட்டுக்கிட்டுத்தான் இப்பமும் ஆர்டர் போடுதாவ."