மாமா தின்ற பருப்பு

என் மாமா பஸ் நிற்கும்வரை காத்திருக்கமாட்டார். வத்தளையிலிருந்து வரும் பஸ் கொட்டாஞ்சேனைச் சந்தியில் வேகம் குறைக்கும்போதே குதித்து, நாலடி ஓடி, சிரித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே நானும் அம்மாவும் சந்தியில் நிற்போம். அம்மா திட்டுவார். எனக்கு மாமா மாதிரி ஒரு ஆள் உலகத்தில் இல்லை.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. வத்தளையில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை. அங்கேயே ஓர் அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டார். அந்த வருடம் அவருக்குக் கல்யாணம் பேசியிருந்தது. செலவில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாட்டுத் தீனிக்கென்று வந்த பருப்பு மூட்டைகள் சில எடுப்பாரில்லாமல் களஞ்சியத்தில் கிடந்தன. கோணல்மாணலான சின்னப் பருப்பு. வேண்டியதை எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். மற்றவர்கள் கடையில் சாப்பிட, மாமா காலையில் அதைக் கஞ்சியாக்கினார். பகலில் கறி, இரவில் அரைத்து ரொட்டி. வாரத்தில் ஆறு நாளும் அதுதான். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மீனும் சோறும். தன் கெட்டித்தனத்தை அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு ஞாயிறு பஸ் முழுதாக நின்ற பிறகுதான் மாமா இறங்கினார். கொண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். குதிகால் நிலத்தில் படாமல், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசிப் பின்ன, நுனிக்காலில் நடந்து வந்தார். எனக்காகத்தான் அப்படி நடந்துகாட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. குடிச்சிருக்கிறியா?"

"இல்லை அக்கா. கால் நான் சொல்லுறதைக் கேக்குதில்லை."

அம்மா அவர் முகத்தருகே குனிந்து மணந்து பார்த்தார். பிறகு சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஒன்றிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வயதான டொக்டர் ஒருவர் வந்து, கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மாமா கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். டொக்டர் அதில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அப்பா களஞ்சியத்துக்குப் போய் ஒரு கடதாசிப் பையில் கொண்டுவந்தார். டொக்டர் அதை உள்ளங்கையில் கொட்டி, நெடுநேரம் விரலால் தள்ளிப் பார்த்தார். எப்போதாவது ஒரு நாள் தின்றால் ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் இதையே தின்றால் நரம்பைப் பிடிக்கும் என்றார். இனித் தொடக்கூடாது என்றார். எப்ப எழும்பி ஒழுங்காக நடப்பான் என்று அம்மா கேட்டார்.

"இதுக்கு மேல மோசமாகாது, அம்மா" என்றார் டொக்டர்.

பருப்பைத் திரும்பப் பைக்குள் கொட்டிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறினேன்.

"மாமா, இனி மோசமாகாதாம். டொக்டர் சொன்னவர்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "ஓம் மகள், நல்ல செய்திதான்" என்றார்.

அந்த வாரமே அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். வத்தளை அறையிலிருந்த சாமான்களை அப்பா ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். அதில் மாமாவின் கறுப்புச் சப்பாத்தைக் கண்டேன். பழந்துணியால் பளபளவென்று துடைத்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது போட வசதியாக, வாசலை நோக்கி வைத்தேன். அம்மா வந்து அதைப் பார்த்தார். எடுக்கவுமில்லை, ஏசவுமில்லை. அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவப் பாத்திரம் ஒன்றுமே இல்லாதபோது தண்ணீர் ஏன் அவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்கு விளங்கவில்லை.