பாரிஸ் மேடையில் ஒரு பொன்னாடை

பாரிஸ் நாடக அரங்குகளில் எனக்கு இன்னும் பிடிபடாத விசயங்கள் சில உண்டு. மங்கள விளக்கு இல்லை, வரவேற்புரை இல்லை, பிரதம விருந்தினர் இல்லை. எட்டு மணி என்றால் எட்டுக்கே இருட்டாக்கிவிடுகிறார்கள். புறநகரான பியர்ஃபித்தில் நாங்கள் மண்டபம் எடுத்துச் செய்யும் தமிழ் விழாக்களில், அழைப்பிதழில் ஐந்து என்று போட்டால் ஏழுக்குத்தான் ஒலிவாங்கி பிடிக்க ஆள் வரும். ஆனால் ஆடிய பிள்ளையை நாங்கள் சும்மா விடுவதில்லை. மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்திவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போவோம்.

என் மகள் ஆரணி அந்த மேடைகளில் ஆடியவள்தான். பதினைந்து வயதில், அரங்கேற்றத்துக்கு முன்பே, சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிரெஞ்சு நாடகத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அது ஆறாத மனக்குறை. வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியை மேசையில் வைத்து, "பப்பா, நீங்கள் இஞ்சை வந்த கதையைச் சொல்லுங்கோ" என்றாள். மகள் கேட்கிறாளே என்ற சந்தோசப் புளுகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். களவாக எல்லை கடந்த பாரவூர்திக்குள் என் பக்கத்தில் கிடந்தவன் குளிரில் செத்ததைச் சொன்னேன். அவன் மூச்சு அடங்கும் முன்பே அவனுடைய ஜாக்கெட்டைக் கழற்றி நான் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். அது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அதைத்தான் நாடகமாக்கியிருக்கிறாள் என்பதை அறியாமல், அவள் நடிக்கும் நாடகத்துக்கென்று லாசப்பல் தமிழ்க் கடையொன்றில் நல்ல பொன்னாடையாகத் தேடினேன்.

"அரங்கேற்றமோ அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"ஓம்" என்றேன். வேறு என்னவென்று சொல்ல?

நாடகத்தன்று மனைவிக்கு வேலை. நல்ல காலம். மேடையில் என் மகள் ஒரு பெரிய ஆண் ஜாக்கெட்டோடு நின்றாள். என் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் எல்லாம் விளங்கியது. எனக்குப் பின்னால் யாரோ விம்மினார்கள். 2009 மே மாதம், அங்கே போரில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருக்க, நாங்கள் இதே பாரிஸ் தெருக்களில் செத்தவர்களின் படங்களைத் தூக்கிப் பிடித்துக் கத்தியபோது, விலத்திக்கொண்டு போன சனம் இது. இப்போது காசு கொடுத்து உள்ளே வந்து மூக்கைச் சிந்துகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கோபத்தில் எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் நடிகர்கள் வரிசையாக நின்று குனிந்தபோது, நடுவில் என் பிள்ளை நின்றாள். பெத்த மனம். படியேறிப் போய்விட்டேன்.

"பப்பா, இறங்குங்கோ" என்றாள் உதடு அசையாமல்.

அதற்குள் பொன்னாடையை விரித்துப் போர்த்திவிட்டேன். அரங்கம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். ஆரணி சனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக் குனிய வைத்தாள்.

வெளிக்கூடத்தில் ஒரு கிழவி என் கையைப் பற்றிக்கொண்டு, நான் அகதியாக அச்சொட்டாக நடித்ததாகச் சொன்னாள். உண்மையைச் சொல்வாள் என்று மகளைப் பார்த்தேன்.

"மெர்சி, மடாம்" என்று நன்றி மட்டும் சொன்னாள் ஆரணி.

இயக்குநர் ஓடிவந்து அவளிடம் ஏதோ படபடவென்று சொன்னார். அவள் என் முகத்தைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள்.

"நாளைக்கும் வரட்டாம், பப்பா. இதே மாதிரிச் செய்யட்டாம்."

"அந்த ஜாக்கெட் கதையை என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு எல்லோ போட்டிருக்கோணும்?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பீங்களோ?"

விட்டிருக்க மாட்டேன். அவளுக்கும் தெரியும். வெட்கம் கெட்டவன், மறுநாளும் போனேன். நாடகம் ஓடிய இரண்டு கிழமையும் ஒரு நாள் விடாமல் போனேன். அவர்கள் கண் காட்டிய நேரத்தில் எழுந்து, ஆரணியின் அப்பாவாக மேடையேறி அவள் பக்கத்தில் நின்றேன். கைதட்டு ஓய்ந்ததும் அவள் தன் கூட்டத்தோடு சாப்பிடப் போவாள். நான் பொண்டியில் இருக்கும் வீட்டுக்கு ரயில் பிடிப்பேன்.