சும்மா விட்ட கால்

பத்திரிகையில் படம் வருகிற தொழில்முனைவோர் வகை இல்லை சுவர்ணா. கரவெட்டியில் தன் வீட்டு முன்னறையில் இருந்து, தோட்டக் கிணற்று மோட்டர்களைக் கைபேசியால் இயக்கும் பெட்டி செய்கிறவள். நாற்பது வயதுக்குள் முதுகுவலி, கண் எரிவு, வாங்கியவர்களின் முறைப்பாடு எல்லாம் சேர்ந்துவிட்டன. அன்றைக்கு உரும்பிராய்க்கு பஸ் ஏறியபோது இவை ஒன்றும் நினைவில் இல்லை. அவளிடம் பெட்டி வாங்கிய தோட்டக்காரர் அருளம்பலத்தின் விரல் மட்டுமே இருந்தது.

மோட்டரின் அச்சில் சிக்கிய கயிற்றை அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே மோட்டர் ஓடியிருக்கிறது. விரலில் தையல் போட்டிருந்தார்கள்.

"உந்தப் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருக்கும் சிப்புக்கு, வயர் பொருத்த நிறையக் கால்கள். சிலவற்றுக்கு வேலை இல்லை. அதில் ஒரு காலை, இன்னொரு சுவிட்ச் போடலாமென்று புரோகிராமில் எழுதிவிட்டு, வயர் எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தாள். பிறகு உதவும் என்று. போரில் இடம்பெயர்ந்து வளர்ந்தவர்கள் உடைந்த வாளியின் பிடியைக்கூட எறியமாட்டார்கள், இவள் மட்டும் எறிவாளா? பக்கத்துத் தோட்டத்து மோட்டர் கிளம்பும்போது எழும் மின் இரைச்சலை அந்த வெறுங்கால் வாங்கி, சுவிட்ச் போட்டாயிற்று என்று சிப்புக்குச் சொல்லியிருக்கிறது. சும்மா விட்டது சும்மா இருக்கவில்லை.

இரைச்சல் அதில் தங்காமல் வடிந்துபோகும்படி, அந்தக் காலை ஒரு ரெசிஸ்டர் வைத்து கிரவுண்டோடு சேர்த்து ஈயம் பற்றவைத்தாள். வேலையில்லாத மற்றக் கால்களையும் புரோகிராமில் செயலிழக்க வைத்தாள். பக்கத்துத் தோட்டத்து மயூரதனைக் கேட்டு, அவனுடைய மோட்டரைத் திரும்பத் திரும்பப் போடச் செய்தாள். அருளம்பலத்தின் மோட்டர் அசையவில்லை.

"போன மாசமும் இப்பிடித்தான் பேசாமல் கிடந்தது," என்றார் அருளம்பலம்.

அவர் சொல்வதும் சரிதான். எழுந்து போய், அவர் விரல் அகப்பட்ட அதே இடத்தில் தன் கையை வைத்தாள்.

"மயூரதன், போடுங்கோ."

அங்கே மோட்டர் இரைந்து கிளம்பியது. இங்கே சத்தமில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையால் மெயின் சுவிட்சை இறக்கிப் பிடித்தபடி நின்றார் அருளம்பலம்.

"நீங்கள் நிப்பாட்டினால் எப்பிடி அண்ணை தெரியும்?"

"தெரியத் தேவையில்லை. பெட்டி இருக்கட்டும். நீங்கள் கையை எடுங்கோ."