இருமல் நின்ற பவுசர்

எங்கட தண்ணி பவுசர் முந்தி ஆமி லொறி. ஏலத்தில எடுத்து, நீலம் அடிச்சு, தீவுப்பக்கம் குடிதண்ணி குடுக்கிறம்.

வாங்கின நாளில இருந்து ஒரே இருமல். பில்டர், பம்ப், டீசல் பைப் எல்லாம் கழட்டிப் பூட்டியாச்சு. கீழ கிடந்து கிடந்து முதுகும் போச்சு.

நேற்றுத்தான் பிழை பிடிபட்டது. டீசல் அடிக்கிற நோசில் ஒண்டு அடைப்பு. இண்டைக்குக் காலமை மாத்தினன். எஞ்சின் புதுசு மாதிரி உறுமிச்சுது.

அந்தச் சந்தோசப் புளுகத்தோட தீவில சரவணைக் கிராமத்துக்குப் போனால், ஒழுங்கையில குடங்கள் வரிசையா இருக்கு. சனம் ஒண்டும் இல்லை. வீட்டுப் படலையெல்லாம் சாத்திக் கிடக்கு.

கோர்ன் அடிச்சன். கனநேரத்துக்குப் பிறகு ஒரு அக்கா எட்டிப் பாத்தா.

"நீரே? நாங்கள் வேற ஆக்களெண்டு நினைச்சிட்டம்."

"ஏனக்கா, ஒவ்வொரு கிழமையும் வாறனான்தானே?"

"ஓம் தம்பி. உம்மட லொறி இருமிக்கொண்டெல்லே வரும். இண்டைக்குக் கேட்டது சண்டைக் காலத்துச் சத்தம்."

அவ படலையை விட்டு வெளியில வரேல்லை. குடத்தை நான்தான் பிடிச்சு நிரப்பினன்.

கழட்டின நோசிலை இன்னும் எறியேல்லை. திரும்பப் பூட்டிப் பழுதாக்கிக்கொண்டு போறதோ, நீங்களே சொல்லுங்கோ.