பால்ச்சாமி லாரியில் இரண்டு இரும்பு வளையங்கள்

"பட்டாளத்துல இந்தக் கை ஸ்டீயரிங்கைத் தவிர எதையும் பிடிச்சதில்ல. கரண்டிக்குக் கைப்பிடி எந்தப் பக்கம்னு கேட்டா எனக்குத் தெரியாது."

பெண் பார்க்கப் போன அன்று, கேசரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே ராஜபாளையம் பால்ச்சாமி வெளியிட்ட பிரகடனம் இது. அடுத்த நொடியே கேசரியை வாயில் போட்டு, "ரவையை இன்னும் செத்த வறுத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். கதவோரம் நின்ற முனீஸ்வரிக்கு இலேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் மாப்பிள்ளையின் மீசை எந்தச் சந்தேகத்தையும் மறைக்கும் அகலம் கொண்டது. கல்யாணம் நடந்தது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், சொன்ன சொல்லுக்குச் சாட்சி வேண்டும் என்று ஏலத்தில் ஒரு பழைய பட்டாள லாரியையே எடுத்துவந்தார். ஊரில் மில் முதலாளிகளிடம் விலை உயர்ந்த கார்கள் இருக்கலாம். கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் தூங்கும் பிள்ளை எழுந்து அழுகிற வண்டி பால்ச்சாமியிடம் மட்டும்தான் இருந்தது. பட்டாளப் பச்சை ஊர் வண்டிக்கு ஆகாது என்றார்கள், செங்காவி அடித்தார். மேற்கே தோப்புகளில் மாங்காய் லோடு ஏற்றிய லாரிகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் இவருக்குத்தான் ஆள் வரும். நாலு சக்கரத்தாலும் இழுத்துக் கரையேற்றிவிட்டு, மீசையை ஒதுக்கிக்கொண்டு திரும்புவார்.

பராமரிப்பு முறை மட்டும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் காணாதது. காலையில் இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் காதைத் தீட்டியபடி நிற்பார்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்பான் மெக்கானிக் பாண்டிச்செல்வம்.

"பொறுலே, கொதி வரட்டும்."

இன்ஜின் மேல் தண்ணீர் தெளித்து, சுர்ரென்கிற சத்தத்தில் சூடு பார்ப்பார். ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து, "பதம் போயிருச்சு, மாத்து" என்பார். பாண்டிச்செல்வம் இதையெல்லாம் ராணுவத் தொழில்நுட்பம் என்று பயபக்தியோடு நம்பினான். லாரியின் பின்தட்டில் பற்றவைத்திருந்த இரண்டு பெரிய இரும்பு வளையங்கள்தான் அவனை உறுத்தின.

"எதுக்கு அண்ணாச்சி எடத்தை அடைச்சிக்கிட்டு? வெட்டி எறிஞ்சா இன்னும் எம்புட்டு லோடு ஏத்தலாம்!"

"அதுல கைய வச்சே, ஒனக்குக் கை இருக்காது. அது பட்டாள ரகசியம்லே."

ரகசியம் உண்மைதான். பால்ச்சாமி நாட்டைக் காத்தது சமையல் பிரிவிலிருந்து. வண்டி ஓட்டப் பழகியது ஓய்வுக்குப் பிறகு, சேத்தூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள். ஏலத்தில் வரிசையாக நின்ற லாரிகளில் ஒன்றின் தட்டில் அண்டா உட்காரும் வளையங்களைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற வண்டிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மகள் வயிற்றுப் பேத்திக்கு அய்யனார் கோவிலில் காதுகுத்து வைத்தார்கள். விருந்து பெண் வீட்டுப் பொறுப்பு. மடவார் வளாகத்திலிருந்து சம்பந்தி கருத்தையா இரண்டு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். கிடா வெட்டியாயிற்று. அந்நேரம் பார்த்து மலையில் மழை பிடித்து, ஓடையில் தண்ணீர் ஏறியது. சமையல் சாமான்கள் வந்த சின்ன வண்டி அக்கரையில் நின்றுவிட்டது.

பால்ச்சாமி லாரியை ஓடைக்குள் இறக்கினார். தண்ணீர் பம்பரைத் தடவிப் பார்த்தது. லாரி இருமியது, நிற்கவில்லை. அண்டா, அடுப்பு, சிலிண்டர், மளிகை எல்லாம் இக்கரை வந்தன. சமையல்காரர் மட்டும் தண்ணீரைப் பார்த்தார்; "எனக்குப் புள்ளகுட்டி இருக்குய்யா" என்று கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

கருத்தையா கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி வந்துருச்சு, சரி. அந்த இரும்பையா இலையில வைக்கப் போறிய, சம்பந்தி?"

அவர் ஆட்கள் சிரித்தார்கள். முனீஸ்வரி கணவனை ஓரமாக இழுத்தாள். "ஏங்க, வந்தவுக பட்டினியாப் போனா, நம்ம பிள்ள அந்த வீட்டுல காலம்பூரா இந்தப் பேச்சைக் கேக்கணுமே!"

பால்ச்சாமி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீசை, வரலாற்றில் முதல்முறையாக, கொஞ்சம் தளர்ந்தது.

"நீ போயி வெங்காயம் உரிக்க நாலு பேரை வரச் சொல்லு" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறினார்.

தார்ப்பாய்க்கு வெளியே மழை கொட்டியது. உள்ளே அண்டாக்கள் வளையங்களில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. வெங்காயம் கொண்டு ஏறிய பாண்டிச்செல்வம் வளையத்தையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கிவைத்தான். சற்று நேரத்தில் கறி மசாலா வாசம் கோவிலைச் சுற்றிவந்தது.

கருத்தையா மூன்றாம் தடவை கறி கேட்டு வாங்கியபின்தான் பேசினார். "நல்ல கைப்பக்குவம். ஆளு எங்க பிடிச்சிய, தங்கச்சி?"

"எங்க வீட்டு ஆளுதான். பட்டாளத்து ஆளு" என்றாள் முனீஸ்வரி. குரல் பந்தி முழுவதும் கேட்டது.

தார்ப்பாய் இடுக்கில் பால்ச்சாமி தெரிந்தார். கண்ணளவில் உப்பை அள்ளிப்போட்டு, ஆளுயரக் கரண்டியால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தார். கைப்பிடி எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை.