கூண்டில் எரிந்த சூடம்

நேற்று மாலை, கொசுத் தொல்லை பொறுக்காமல் விடுதி அறைத்தோழி ஒரு தட்டில் சூடம் ஏற்றினாள். நெடி மூக்கில் ஏறவே, அதை உள்ளங்கையால் அடித்து அணைக்கப் போனாள். "ஐயோ, எதற்காகச் சத்தியம் செய்கிறாய்?" என்று கூவிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மெல்லத்தான் பதில் சொல்லுகிறவள் நான். அவள் மிரண்டே போனாள். பட்டணத்துக்காரி. எரியும் சூடத்தை அடித்து அணைப்பது எங்கள் பக்கத்தில் எத்தனை பெரிய சத்தியம் என்பதை அவள் அறியாள்.

சூட நெடி பிறருக்குக் கோயிலை நினைவூட்டும். எனக்கு மதுரைக் குற்றவியல் நீதிமன்றத்தை. என் தந்தை அங்கே வக்கீலாக இருந்தார். பள்ளி விடுமுறைகளில் நானும் தொற்றிக்கொண்டு போய், தாழ்வாரத்துச் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். அப்படிப் பார்த்ததுதான் கோச்சடைச் சின்னச்சாமியின் வழக்கு. பக்கத்து வயல்காரர் மாயழகுவின் கிடாயை அவர் திருடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறை.

தந்தைதான் அவருக்கு வக்கீல். விசாரணைக்கு முன் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. நாடகக் கம்பெனிகள் தோற்றுப்போகும்.

"கேட்டா, 'நான் திருடலை'ன்னு சொல்லு. அதோட வாயை மூடு. நிரூபிக்க வேண்டியது அவங்க பாடு" என்பார் தந்தை.

"பேசாம நின்னா களவாணிப் பயன்னு ஊரு சொல்லாதாய்யா? கிடா தானாத்தான் வந்துச்சு. வாய்க்காத் தண்ணிய மறிச்சான்ல மாயழகு, கொஞ்சம் அலையட்டும்னு கட்டிப்போட்டுப் புல்லுப் போட்டேன். அம்புட்டுத்தான்!"

"அந்த அம்புட்டு போதும்யா, உன்னை உள்ள தள்ள!"

எத்தனை முறை தொடங்கினாலும் ஒத்திகை அந்தப் புல்லில் வந்துதான் முடிந்தது.

விசாரணையன்று, வழக்கின் சான்றுப் பொருளாகிய கிடாய் வேப்பமரத்தடியில் நின்று, போகிற வருகிற வக்கீல்களின் அங்கியை முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தந்தை மாயழகுவைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"உம்ம கிடா இதுக்கு முன்ன அவுத்துக்கிட்டுப் போனதுண்டா?"

"அதையேன் கேக்குறீக! பெட்டையாட்டு வாடை அடிச்சாப் போதும், வைகையத் தாண்டிப் போயிரும்!" என்றார் மாயழகு, பெற்ற மகனைப் புகழ்வதுபோல.

தந்தை மலர்ந்த முகத்துடன் அமர்ந்தார். இனிச் சின்னச்சாமி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"நீர் என்ன சொல்கிறீர்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சின்னச்சாமி மடியிலிருந்து சூடத்தை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வைத்துக் கொளுத்தினார்.

"குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது!" என்றார் மாஜிஸ்திரேட்.

"குத்தம் சொல்ல வந்தவுகளுக்கெல்லாம் உண்டு, எனக்கு மட்டும் இல்லையாக்கும்? அணைச்சுட்டு, நடந்தத ஒண்ணுவிடாமச் சொல்லப் போறேன் சாமி!"

தந்தையின் முகத்தில் அந்த ஒத்திகைப் புல்லின் பயம் தெரிந்தது. சின்னச்சாமி கையை ஓங்கினார். கூண்டுக்குத் தீப்பிடித்துவிடும் என்று பதறிய டவாலிச் சேவகர் அதற்குள் பாய்ந்து, உள்ளங்கையால் ஓர் அடி அடித்துச் சூடத்தை அணைத்துவிட்டார்.

 உடனே சேவகரை நோக்கி மாயழகுவின் குரல்: "அண்ணே, சத்தியம் பண்ணிட்டீகளே! என் கிடா மேலயா?"

சேவகர் கீழக்குயில்குடிக்காரர், சூடச் சத்தியத்தின் கனம் தெரிந்தவர். அணைத்த கையையே அந்நியன் கைபோலப் பார்த்தார். "ஆத்தே! அந்தக் கிடாய நான் தொட்டதுகூட இல்லீங்க!"

சிரிப்பில் கூரை பறந்தது. மாஜிஸ்திரேட் காகிதக் கட்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டார், கட்டு குலுங்கியது. சின்னச்சாமியே கூண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அந்த நல்ல நேரத்தைத் தந்தை நழுவவிடவில்லை. "என் கட்சிக்காரர் குற்றத்தை மறுக்கிறார், வேறு சொல்வதற்கில்லை." சிரிப்பில் பேச்சு வராமல் சின்னச்சாமி தலையை மட்டும் ஆட்டினார், அப்படியே பதிவாயிற்று. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று பிற்பகலில் விடுதலை.

வாசலுக்கு வந்ததும் சின்னச்சாமிக்குப் பொறுக்கவில்லை, மாயழகுவிடம் சொல்லிவிட்டார். "மாப்ள, கிடா தானா வந்ததுதான். ஆனா கட்டி வச்சுப் புல்லுப் போட்டது நான்."

தந்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். மாயழகு கிடாயை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதான் பயபுள்ள இம்புட்டுக் கொழுத்துருக்கானா!" என்று சின்னச்சாமியின் முதுகில் ஓர் அறை விட்டார். "ஏறு மச்சான், பொழுது போகுது." காலையில் சின்னச்சாமியைக் கூட்டிவந்ததும் மாயழகுவின் மாட்டுவண்டிதானாம். நடுவே கிடாய் நிற்க, இருவரும் ஏறிப் போனார்கள்.

தந்தை இன்றில்லை. கோச்சடைக்குப் பேருந்து ஓடுகிறது. சென்ற வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தேன், அதே நீதிமன்ற வாசலில் ஒரு வழக்கின் இரு தரப்பாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். வண்டி வந்தது, ஒரு தரப்பு ஏறிற்று. இடம் நிறைய இருந்தும், மறு தரப்பு அடுத்த வண்டிக்காக வெயிலில் நின்றுகொண்டது.